பாறையில் பாதியில் நின்ற ஆட்டம்

படக்கதை வரைந்து போனில் போடுகிற பிள்ளைகள் சிலர், “அம்மா, உங்க ஆடுபுலிக் கதைக்கு எப்படி இவ்வளவு பேர் சேர்ந்தாங்க?” என்று கேட்டு எழுதுகிறார்கள். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. புது ஆள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அஞ்சாம் வகுப்போடு நின்ற கையெழுத்துதான், ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்கு லேசு. தப்பிருந்தால் மருமகள் செல்வி திருத்துவாள்.

1. கட்டம் பார்க்கிற சோலி

போடியில் விடியக்காலை ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போவோம். மத்தியானம் சோறு தின்றதும், தட்டைப் பாறை ஒன்றில் கரித்துண்டால் ஆடுபுலிக் கட்டம் போடுவார்கள். பார்க்க மலை மாதிரி முக்கோணமாக இருக்கும். மூன்று கல் புலி, பதினைந்து காப்பிக்கொட்டை ஆடு. புலி தாண்டினால் ஆடு போச்சு. ஆடுகள் சேர்ந்து புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது. புலி எப்போதும் ரோசம்மா, ஆடு எப்போதும் முருகாயி. நான் ஆடியதில்லை. ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

கங்காணி மலையாளத்துக்காரர். “மதி சேச்சி, மதி” என்பார். போதும், எழுந்திருங்கள் என்று அர்த்தம். ஆட்டம் பாதியில் நிற்கும். சாயங்கால மழையில் கட்டம் அழிந்துபோகும். மறுநாள் சண்டைதான்.

“எம் புலி உச்சியில நின்னுச்சு!”

“நேத்தே அத அடைச்சாச்சுடி. ஒங் கனவுல எந்திரிச்சு நடந்து போயிருச்சோ?” என்பாள் முருகாயி.

ஒருநாள் ரோசம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏ சீனியம்மா, நீதான் வாயத் தொறக்க மாட்டேங்கிற. கட்டத்தயாச்சும் பாத்து வையி. இனி ஒனக்கு அதான் சோலி.”

பேனாவும் அவளே கங்காணியிடம் வாங்கித் தந்தாள். பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, எந்தக் காய் எங்கே நிற்கிறது என்று வரைந்து வைத்தேன். மறுநாள் காய் பற்றிச் சண்டை இல்லை. ஆனால் ரோசம்மா, “நா எங்க தோத்தேன்? சும்மா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள். அதிலிருந்து கட்டத்துக்குப் பக்கத்தில் அவள் மூஞ்சியையும் வரைய ஆரம்பித்தேன். தோற்கிற நேரம் அவளுக்குக் கீழுதடு வெளியே தள்ளும். அதைப் பார்த்து முருகாயி சிரித்த சிரிப்பில் தூக்குச்சட்டி சரிவில் உருண்டு ஓடியது.

2. மூக்கு மட்டும் சின்னதா

செல்வி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். என் அட்டைகளைப் பார்த்துவிட்டு, “அத்தை, இது படக்கதையேதான்! போன்ல போடுவமா?” என்றாள். ஆடுகிறவர்களைக் கேட்காமல் போடக்கூடாது என்றேன். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே ஜீப்பு நிற்கிற இடத்துக்கு வந்து கேட்டாள்.

“எம் மூஞ்சிய ஊரு ஒலகமெல்லாம் பாக்கவா? சரி, மூக்க மட்டும் சின்னதாப் போடச் சொல்லு ஆத்தா” என்றாள் ரோசம்மா.

“ஒதட்ட அப்படியே போடச் சொல்லு. அதுதான் அழகு” என்றாள் முருகாயி.

வாரம் ஒரு கதை, ஞாயிறு காலையில் தவறாமல். ஐந்தாறு படம். ஒரு படத்தில் ஒருத்தி பேச்சுதான். கடைசிப் படம் எப்போதும் கட்டம், காய்கள் நிற்கிறபடி. முதலில் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள். பிறகு வேறு ஊர்க்காரர்கள் வந்தார்கள். வந்ததும் சண்டை.

“எங்க ஊர்ல அஞ்சு ஆடு வெட்டினாலே புலி ஜெயிச்சாச்சு” என்று ஒருவர் எழுதினார். “அது என்ன, அரைவயித்துப் புலியா?” என்று இன்னொருவர் கேட்டார். செல்வி பயந்துபோய் அழிக்கப் பார்த்தாள். விடு என்றேன். பாறையிலும் சண்டை போட்டவள்தான் மறுநாள் முதல் ஆளாக வந்து உட்காருவாள். எங்கள் தோட்டத்துச் சட்டம் என்னவென்று கட்டத்துக்குக் கீழே சின்னதாக எழுதிவிட்டு, சண்டையை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

3. முட்டி மடங்கவில்லை

போன மழைக்காலத்தில் எனக்கு முட்டி வீங்கிவிட்டது. சரிவில் ஏறவே கூடாது என்றார் டாக்டர். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் ரோசம்மாவின் இரண்டு புலிகள் அடைபட்டு, ஒரே ஒரு புலிதான் மிச்சம். படிக்கிறவர்கள் எல்லாரும் முடிவுக்குக் காத்திருந்தார்கள்.

மேலே ஆட்டமே நின்றுவிட்டது. “கட்டம் பாக்குறவ வரல. நாங்க என்னத்த ஆடுறது?” என்று ரோசம்மா செல்வியிடம் சொல்லி அனுப்பினாள்.

“நீங்களே ஒரு முடிவ வரைஞ்சிருங்க அத்தை” என்றாள் செல்வி. உட்கார்ந்து பார்த்தேன். முருகாயியின் கையை வரைந்தேன். அந்தக் கை காயை எங்கே வைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அட்டையைக் கிழித்துப் போட்டேன். ஞாயிறுகள் சும்மா போயின. “நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டவர்களும் பிறகு கேட்பதை விட்டார்கள். படிக்கிறவர்கள் போனதுகூடப் பெரிதில்லை. அந்தப் பாறையில் என் இடம் போய்விட்டதே, அதுதான் பெரிது.

4. மெட்டு, வளைவு, டீக்கடை

ஒருநாள் செல்வி போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். “நாலு வார்த்தை பேசுங்க அத்தை, பதிஞ்சு அவங்களுக்கு அனுப்பிருவோம். இதுல ஒங்கள யாரும் பாக்க மாட்டாங்க.”

அவளையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அடுப்படியில் நின்று பேசினேன். “ரோசம்மா, ஆட்டத்த விடாதீங்க. எந்தக் காய் எங்க நிக்கிதுன்னு வாயால சொல்லு. நா இங்க உக்காந்து கட்டம் பாக்குறேன்.”

பாறையில் டவர் கிடையாது. மறுநாள் சாயங்காலம் ஜீப்பு மலை இறங்கி அடிவாரத்து முந்தலுக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது. கட்டம் மலை மாதிரி இருக்கிறதல்லவா, அதனால் ரோசம்மா எங்கள் ரோட்டில் உள்ள பெயர்களையே வைத்துவிட்டாள். உச்சிக்கு மெட்டு, அதற்குக் கீழே வளைவு, ஓரத்துக்கு டீக்கடை, அடிக்கோட்டுக்குப் போடி.

“ஏ சீனி, கேக்குதா? எம் புலி மெட்டுல நிக்கிது. இவ டீக்கடையில ஒரு ஆட்ட நிறுத்திட்டு டீ குடிச்சுக்கிட்டு இருக்கா!”

பின்னாலிருந்து முருகாயி, “வளைவுல இன்னொண்ணு வாரேன்டி, பிரேக்கப் பிடி!” என்று கத்தினாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பெயர்களைக் கட்டத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமை போட்டோம். விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். போடியைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட, “மெட்டை அடைங்க, டீக்கடையை விடாதீங்க” என்று எழுதினார்கள். சிலர் வீட்டுத் தரையில் கட்டம் போட்டு, தங்கள் ஊர் ரோட்டுப் பெயர்களை வைத்துப் படம் அனுப்பினார்கள். கூட்டம் பெருகியது அப்போதுதான்.

5. தோற்ற மூஞ்சி

பிறகு ஒருநாள், “சீனி, மெட்ட அடைச்சாச்சு!” என்று முருகாயியின் குரல் மட்டும் வந்தது. ரோசம்மாவின் சத்தமே இல்லை. கடைசிப் படத்துக்கு அவள் மூஞ்சி வேண்டும். நான் பார்க்கவில்லையே. “ஒம் மூஞ்சி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுப் பேசி அனுப்பினேன். பதில் இல்லை. கோபமோ என்று பயந்தேன்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருவில் ஜீப்பு ஹாரன் கேட்டது. ரோசம்மா வேலைக்காக இடுப்பில் கட்டிய சாக்கோடு உள்ளே வந்து, எனக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“இந்தா, தோத்த மூஞ்சி. நல்லாப் பாத்து வரை. வெரசா, ஜீப்பு நிக்கிது.”

உதட்டைத் தள்ளினாள். என்னைப் பார்த்ததும் அது நிற்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி தள்ளினாள், மறுபடி சிரித்தாள். வெளியே ஜீப்பிலிருந்து முருகாயி, “ஏய், ஒழுங்காத் தோத்துக் காட்டுடி!” என்றாள். பாதி தள்ளிய உதடும் பாதிச் சிரிப்புமாக எப்படி இருந்ததோ அப்படியே வரைந்தேன். எங்கள் கதையிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்தப் படம்தான்.

எழுந்து போகும்போது, “அடுத்த ஆட்டத்துக்குப் புலி நீதான். போன்ல சொல்லு, நாங்க நகத்துறோம்” என்றாள்.

பிள்ளைகளே, ஆள் சேர்க்க வேறு வித்தை எனக்குத் தெரியாது. யாரை வரைகிறீர்களோ அவர்களிடம் முதலில் கேளுங்கள். தெரியாத காயைத் தெரிந்த மாதிரி வைக்காதீர்கள். தோற்றவளை ஜெயித்தவளைவிடக் கவனமாக வரையுங்கள். தோற்ற மூஞ்சியைக் காட்ட ஒருத்தி ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்தாள். அதைப் பெற்ற பிறகு எனக்கு வேறு குறையில்லை.

இதை எழுதும்போது மெட்டில் நிற்பது என் புலி. மறுபடி எல்லாரும் அதை அடைக்கப் பார்க்கிறார்கள். இந்தத் தடவை என் உதடு எப்படி இருக்கிறது என்று செல்விதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.