சத்தியத்தை எறக்கி வுடுங்க

வத்தல்மலையிலிருந்து வாரம் ஒருமுறை தலையில் கூடையோடு தர்மபுரிக்கு இறங்கிவரும் சின்னக்காவுக்கு, 'சத்தியமா' என்ற சொல் குழம்பில் போடும் உப்பு மாதிரி. அது இல்லாமல் அவள் வாயிலிருந்து ஒரு பேச்சும் வராது. "சத்தியமா சொல்றேங்க, இன்னிக்கிக் காத்தால எடுத்த தேனு" என்பாள். தேன் எடுத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். "சத்தியமா இந்த வெலைக்கி எனக்குக் கட்டுப்படி ஆவாதுங்க" என்பாள். கட்டுப்படி ஆகித்தான் எட்டு வருஷமாக மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்காக அவளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவளைப் பொறுத்தவரை கீழ்நாட்டில் வியாபாரத்துக்குச் சொல்கிற சத்தியம் சத்தியத்திலேயே சேராது. அவள் ஊரில் நிஜமான சத்தியம் என்றால் காளி கோயிலில் செய்வது. பூசாரி உள்ளங்கையில் சூடம் கொளுத்தி, சொல்லச் சொல்லி, சத்தியத்தைத் தலையில் ஏற்றுவார். ஏற்றிய சத்தியம், வந்த காரியம் முடிகிற வரைக்கும் தலைமேல்தான் இருக்கும். அதுவரை அந்த ஆள் வாயில் பொய் வரக் கூடாது; வந்தால் காளி பார்த்துக்கொள்வாள். காரியம் முடிந்ததும் பூசாரியே வேப்பிலையால் தண்ணீர் தெளித்து அதை இறக்கிவிடுவார். பிறகு ஆள் பழையபடி இஷ்டத்துக்குப் பேசலாம். இந்த ஏற்பாட்டில் சின்னக்காவுக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை, எண்பத்து நாலாம் வருஷம் தை மாதத்தில் கோர்ட்டுக்குப் போகிற வரைக்கும்.

அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அதியமான்கோட்டைப் பக்கம் ரோட்டோரமாக ஒருவன் வேறொருவருடைய ஆட்டை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருந்தாள். பார்த்தவள் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே, நாலு பேரிடம் சொன்னாள். சம்மன் மலை ஏறி வந்துவிட்டது.

சாட்சிக் கூண்டில் அவளுக்கு முன்னால் வந்து நின்றவர் தபேதார் தஸ்தகீர். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பளபளவென்று பித்தளை வில்லை. பார்த்ததுமே சின்னக்காவுக்குப் பூசாரி ஞாபகம் வந்துவிட்டது. அவரோ பதினெட்டு வருஷமாகச் சொல்லித் தேய்ந்துபோன வாசகத்தை, பஸ் கண்டக்டர் ஊர்ப்பேர் கூவுகிற மாதிரி ஒரே மூச்சில் கொட்டினார். "கடவுளறியநான்சொல்வதெல்லாம்உண்மை…"

"சாமி, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றாள் சின்னக்கா. "என்னா ஏத்தறீங்கன்னு தெரிஞ்சாத்தான தாங்க முடியும்?"

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். தஸ்தகீருக்குச் சங்கடமாகப் போயிற்று. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "கடவுள் அறிய. நான் சொல்வதெல்லாம் உண்மை. உண்மையைத் தவிர வேறில்லை."

"எந்தக் கடவுளுங்க?"

"உனக்கு எந்தச் சாமியோ அந்தச் சாமிம்மா."

"அப்ப எங்க காளியாத்தா அறிய" என்று கண்ணை மூடிக்கொண்டு, சின்னக்கா அந்த வாசகத்தைத் தலைமேல் வாங்கிக்கொண்டாள்.

அவள் ஆட்டைப் பற்றிச் சொல்லி முடித்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, குறுக்கு விசாரணைக்கு அவகாசம் வேண்டும் என்றார். ஒரு மாதம் தள்ளி வாய்தா போட்டார்கள். தஸ்தகீர் "எறங்கும்மா" என்றார். சின்னக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான் எறங்கறேன். சத்தியத்தை எறக்கி வுடுங்க."

"அதெல்லாம் எறக்கறது இல்லம்மா."

"ஏத்துனீங்களே? ஏத்துனா எறக்க வேணாமா? எனக்கு வூடு வாசல் இருக்குது, யாவாரம் இருக்குது. இதைத் தூக்கிக்கிட்டு நான் எப்படிப் போறது?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு, "உன் சாட்சி இன்னும் முடியலம்மா. அடுத்த வாய்தா வரைக்கும் சத்தியம் நடப்புலதான் இருக்கு" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ, சட்டத்தைச் சொன்னாரோ, சின்னக்காவுக்கு அது காளி வாக்காகப் போய்விட்டது.

அந்த மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. புருஷன் பொன்னன் "களி எப்படி இருக்குது, நான் கிண்டினது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். வியாபாரம் அதைவிட மோசம். தர்மபுரியில் அவளுடைய பழைய வாடிக்கை ஜுபைதா, மெத்தைக்கடை வீட்டம்மா. தேன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி, எட்டு வருஷமாகக் கேட்கிற கேள்வியைச் சும்மா பழக்கத்தில் கேட்டாள்.

"சுத்தமான தேன்தானே சின்னக்கா?"

"இது சுத்தமுங்க."

"எப்பவும் போலத்தானே?"

சின்னக்கா திருதிருவென்று விழித்தாள். பிறகு பொலபொலவென்று கொட்டிவிட்டாள். "எப்பவும் போல இல்லீங்க பாய்வூட்டம்மா. எப்பவும் காவாசி வெல்லப்பாகு ஊத்துவேன். நீங்க கேப்பீங்கன்னு தெரியும், அதான் இந்த வாரம் ஊத்தல."

ஜுபைதாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோர்ட்டுச் சமாச்சாரத்தைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, எட்டு வருஷமா எங்க வூட்டுல மருந்துக்கு வெல்லத்தையா நக்கிட்டு இருந்தோம்?"

இதெல்லாம் போகட்டும். சின்னக்காவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது வேறொன்று. வாய்தாவுக்கு எட்டு நாள் முன்னால், சித்தேரி மலையிலிருந்து அவள் மகள் குள்ளம்மாளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

குள்ளம்மாளுக்குப் பேர்தான் அப்படி. ஆள் கூரையை முட்டுவாள். வேலையில் கெட்டி, முகத்தில் களை. ஆனால் ஏழு வயதில் காய்ச்சல் கண்டு சீழ் வடிந்ததிலிருந்து இடது காது சுத்தமாகக் கேட்காது. முதலில் வந்த இடத்தில் அவர்கள் கேட்காமலே சின்னக்கா அதைச் சொன்னாள். அவர்கள் வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனார்கள். இரண்டாவது இடத்தில் மறைத்தாள். யாரோ போட்டுக்கொடுத்து அதுவும் கலைந்தது. அதிலிருந்து அவள் மகளை ஊர்க்கண்ணுக்கு மறைத்து வைக்கக் கற்றுக்கொண்டாள். நாலு பேர் கூடும் இடத்தில் சுவர் ஓரமாக, இடது காது சுவரைப் பார்க்க உட்காரவைப்பாள். குள்ளம்மாளும் எங்கே போனாலும் தானாகச் சுவரைத் தேடி உட்காரப் பழகிவிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெற்றவளுக்கு வயிறு எரியும், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

சித்தேரிக்காரர்கள் தூரத்து ஆட்கள், விஷயம் தெரியாது. இந்த இடமும் போனால், இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அடுத்து யார் வரப் போகிறார்கள்?

"நீ எதுக்குப் புள்ள கவலப்படற?" என்றான் பொன்னன். "சத்தியம் உன் தலமேலதான? என் தலமேல இல்லியே. அவங்க எதக் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

சின்னக்காவை வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்வது சின்ன விஷயமா? இருந்தாலும் மகளுக்காக ஒத்துக்கொண்டாள். பொன்னன் இரண்டு நாள் ஆட்டுப்பட்டியில் நின்று, "ஒரு கொறையும் இல்லீங்க, ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லிப் பழகினான். ஆடுகள் நம்பின மாதிரிதான் இருந்தது.

அந்த நாளும் வந்தது. மாப்பிள்ளை கோவிந்தன், அவன் அம்மா சின்னம்மாள், கூட இரண்டு உறவுக்காரர்கள். கோவிந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தான். குள்ளம்மாள் சுவர் ஓரத்தில், இடது காது சுவர்ப்பக்கம். பொன்னன் சாமை விளைச்சலைப் பற்றி, மழையைப் பற்றி, யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் சின்னம்மாள், எல்லாப் பெண் வீட்டிலும் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள். "எல்லாம் சரிதாங்க. பொண்ணுக்குக் கொறை கிறை எதுனா உண்டுங்களா?"

"ஒரு கொறையும்…" என்று பொன்னன் ஆரம்பித்தான்.

"நீங்க இருங்கண்ணா. பெத்தவ சொல்லட்டும்."

'இல்லை' என்று ஒரு சொல். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாய். கண்ணை மூடினால் காளி நிற்கிறாள், சிவப்புப் பட்டை போட்ட தஸ்தகீர் நிற்கிறார். கண்ணைத் திறந்தால் சுவரோரம் மகள்.

"உண்டுங்க" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எடது காது கேக்காது. ஏழு வயசுலேருந்தே கேக்காது. இத மறைக்கத்தான் செவுத்தோரமா உக்கார வெச்சிருக்கேன். வயசும் பதினெட்டுன்னு சொல்லி அனுப்புனோம், அதுவும் இல்ல, இருபத்திரெண்டு. என்னைய ஒண்ணும் கேட்டுடாதீங்கண்ணி, நான் சத்தியத்துல இருக்கேன்."

பொன்னன் தலையில் கை வைத்துக்கொண்டான். சின்னக்கா வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அசைந்தவள் குள்ளம்மாள். அவள் எழுந்தாள். உள்ளே ஓடப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ சுவரை விட்டு நகர்ந்து வந்து, வீட்டின் நடுவில், நாலு பக்கமும் வெளியாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இனி எந்தப் பக்கமிருந்து யார் பேசினாலும் பேசட்டும் என்பதுபோல இருந்தது. முகத்தில் வருத்தமே இல்லை. அத்தனை வருஷத்தில் மகள் அப்படி நடுவில் உட்கார்ந்து சின்னக்கா பார்த்ததில்லை.

அதுவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தன் திரும்பினான். "எந்தக் காதுங்க?"

"எடது" என்றாள் சின்னக்கா.

"கடத்தூர் சந்தையில, போன ஐப்பசில, புளியமரத்தடியில சாமைக் கூடையோட உக்காந்திருந்தீங்களே. நான் எடது பக்கமாத்தான் நின்னேன். மூணு தடவ கூப்புட்டேன். திரும்பியே பாக்கல" என்றான் குள்ளம்மாளிடம்.

சின்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட, இதுக்கா? இன்ன பொண்ணுன்னு தெரிஞ்சதுலேருந்து, திமிரு புடிச்சவ, மனுசனா மதிக்க மாட்டேங்கறா, நான் வரமாட்டேன்னு ஒரே ரகளைங்க. சொன்ன சொல்லுக்காக இழுத்துக்கிட்டு வந்தேன். வேணாம்னு எப்படிச் சொல்லிட்டுப் போறதுன்னுதான் இவ்வளவு நேரமும் முழிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

குள்ளம்மாள் தலையைத் தூக்கிக் கோவிந்தனை நேராகப் பார்த்தாள். "என்னா கேட்டீங்க அன்னிக்கி?"

அவன் காது வரை சிவந்துபோனான். "இது சாமையா, வரகான்னு கேட்டேன்."

"சாமைதாங்க" என்றாள் அவள்.

வீடே சிரித்தது. பொன்னன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். பொய் சொல்கிற வேலை தப்பியதே. சிரிப்பு அடங்கும்போது சின்னம்மாள் மெல்லச் செருமிக்கொண்டாள். "நாங்களும் பையனுக்கு இருபத்தி நாலுன்னு சொல்லி அனுப்புனோமுங்க. இருபத்தெட்டு ஆச்சு. ஏன் அண்ணி, அந்தச் சத்தியம் பக்கத்துல உக்காந்தாக்கூட ஒட்டிக்குமா?"

வெற்றிலையை மாற்றிக்கொண்டார்கள். சின்னக்கா அன்று அழுத அழுகையில் பாதி சிரிப்பு.

எட்டாம் நாள் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அவளை மடக்கப் பார்த்தார். "நீ பொய்யே பேசமாட்டியாம்மா?"

"பேசுவேங்க. தெனமும் பேசுவேன். இந்த ஒரு மாசந்தான் பேசல. எறக்கி வுடுங்கன்னு கேட்டேன், எறக்கல."

வக்கீல் அத்தோடு உட்கார்ந்துவிட்டார். சாட்சி முடிந்ததும் சின்னக்கா இறங்காமல் கூண்டிலேயே நின்றாள். தஸ்தகீர் ஜட்ஜைப் பார்த்தார். ஜட்ஜ் கையிலிருந்த காகிதத்தை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார். அதுவே உத்தரவு என்று தஸ்தகீருக்குப் புரிந்தது. அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். வளாகத்து வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து, பானைத் தண்ணீரில் நனைத்து, அவள் தலையில் மூன்று தடவை தெளித்தார்.

"எறங்கிடுச்சும்மா. போயிட்டு வா."

சின்னக்கா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நிஜமாகவே லேசாகத்தான் இருந்தது.

"பதினெட்டு வருஷத்துல எத்தனை ஆயிரம் பேருக்கு ஏத்தியிருப்பேன்" என்றார் தஸ்தகீர். "எறக்கச் சொல்லி நின்னது நீ ஒருத்திதான்." வேப்பங்கொத்தைக் கீழே போட மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார்.

கோர்ட்டிலிருந்து நேராக அவள் மெத்தைக்கடை வீட்டுக்குப் போனாள். கூடையில் தேன் இருந்தது. கல்யாணச் செலவு வருகிறதே, பழைய பக்குவத்தில்தான் தயாரித்திருந்தாள்.

"என்ன சின்னக்கா, எறக்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஜுபைதா பெரிய பாட்டிலோடு வந்தாள்.

"எறக்கியாச்சுங்க! தேனப் பாருங்க, ஒரே கூட்டுல எடுத்தது, ஒரு சொட்டுக் கலப்படம் இல்ல."

"சத்தியமா?"

சின்னக்கா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. மறுபடி முயற்சி செய்தாள். பொய் என்றால் எத்தனை வேண்டுமானாலும் வரும் போலிருந்தது. இந்த ஒரு சொல் மட்டும் கனத்துப்போய் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

"அத மட்டும் கேக்காதீங்க பாய்வூட்டம்மா" என்றாள். "தேன் வேணுமா, வாங்கிக்குங்க."

ஜுபைதா சிரித்துக்கொண்டே பெரிய பாட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, சின்ன பாட்டிலை எடுத்து வந்தாள்.