விளையாடிப் பார்க்கும் கதிரை

அந்தக் கதிரையைத் தூக்கி எறி என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். நான் எறியவில்லை. எறியச் சொன்னவர்களில் ஒருத்தர் பிறகு அதிலேயே வந்து குந்தினார். அதுவும் இதில் வரும்.

என் பெயர் மெற்றில்டா. குருநகரில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திருத்துவது சோறு போடுகிற வேலை. எனக்குப் பேர் வந்தது இன்னொரு வேலையால். சின்னக் கேம்களை விளையாடிப் பார்த்து, எது காசுக்குப் பெறுமதி, எப்போது மலிவாய் வரும் என்று ஆட்களுக்குச் சொல்லுவேன். சின்னக் கேம் என்றால் இரண்டு மூன்று பேர் தங்கள் வீட்டில் இருந்து செய்து இணையக் கடையில் விற்பது. பெரிய கம்பனிகளின் கேம் மாதிரி மெசினைத் தின்னாது. இந்த வேலைக்கு வர விரும்புகிற பிள்ளைகள் சிலர், எப்படித் தொடங்கினீர்கள் அக்கா என்று கேட்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன். புத்திமதி கேட்காதீர்கள், எனக்கு அது சரிவராது.

1. கதிரை வந்த விதம்

நெல்லியடியில் இருந்து சுகந்தி ரீச்சர் ஒரு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கணித ஆசிரியை. புதிர் கேம் என்றால் அவருக்கு உயிர். ஆரோ பென் டிரைவில் கொடுத்த திருட்டுப் பிரதியைப் போட்டு விளையாடியிருக்கிறார். அதோடு வந்த வைரஸ் அவர் எழுதி வைத்திருந்த பரீட்சைத் தாள்கள் அத்தனையையும் தின்றுவிட்டது. நான் மெசினைத் துடைத்துக் கொடுத்தேன். தாள்களை மீட்க முடியவில்லை.

"காசு குடுத்து வாங்க எனக்கு விருப்பம்தான் மெற்றில்டா," என்றார். "ஆனா வாங்கினாப் பிறகு இந்தப் பழம் மெசினிலை ஓடாட்டி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? எங்கடை பாங்க் கார்டும் உந்த இணையக் கடையிலை வேலை செய்யுதில்லை."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த நாளே கடையின் முன்பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை, கழித்துவிடப்பட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்று போட்டேன். கேம் செய்தவர்களே இலவசமாய்த் தருகிற டெமோவை, அதாவது தொடக்கத்தின் ஒரு துண்டை, அதில் விளையாடிப் பார்க்கலாம். பிடித்தால், இணையக் கடை ஏற்கிற என்னுடைய கார்டால் வாங்கிக் கொடுப்பேன். அதற்கு ஒரு சின்னக் கூலி. டெமோ முடிந்தால் எழும்ப வேண்டும். சொந்தக்காரருக்கும் அதே சட்டம். திருட்டுப் பிரதி இந்தக் கடைக்குள் வராது.

முதல் நாள் வந்தவர் சிரித்தார். "ஊரெல்லாம் சும்மா கிடைக்கிறதுக்கு ஆர் காசு குடுப்பினம்? உனக்கென்ன பிள்ளை, விசரோ?"

"ஓம், விசர்தான். வாங்கிறதெண்டா இருங்கோ. இல்லாட்டி எழும்புங்கோ, ஆக்கள் நிக்கினம்."

பின்னால் ஒருத்தரும் நிற்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் எழும்பிப் போனது என்னுடைய அதிர்ஷ்டம்.

2. வயரைப் பிடுங்கிப் பார்

நான் ஒரு கேமை நல்லது என்று சொல்ல முன்னம் மூன்று சோதனை வைப்பேன். ஒன்று, அந்தப் பழைய மெசினில் ஓட வேண்டும். இங்கே பாதிப் பேரிடம் இருப்பது வெளிநாட்டுச் சொந்தம் பாவித்து முடித்து அனுப்பிய மெசின். இரண்டு, இணையத்தைக் கழற்றிவிட்டாலும் ஓட வேண்டும். மூன்றாவது சோதனை பெனடிக்ற்றால் வந்தது.

பெனடிக்ற் கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். என்னைவிட மூத்தவர், ஆள் மலை மாதிரி. காற்றுக் காலத்தில் படகு இறங்காது, வேலையும் இருக்காது. அந்த நாட்களில் கதிரை அவருக்குத்தான். ஒருநாள் சுரங்கம் தோண்டுகிற கேம் ஒன்றில் வெகுநேரம் பாடுபட்டு அடிக்குப் போய்விட்டார். கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கேம் அவரைத் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

"எடியே மெற்றில்டா!" என்று அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தையல் கடையில் மெசின் நின்றுவிட்டது. "உதைச் செய்தவன் கரண்ட் போகாத நாட்டிலை இருக்கிறான். அவனுக்கு எங்கடை பாடு என்ன தெரியும்?"

அன்றைக்குத் தொடங்கினது அந்தச் சோதனை. நடு விளையாட்டில் சுவரில் இருக்கிற வயரைப் பிடுங்குவேன். திரும்பப் போட்டால் விட்ட இடத்துக்குக் கிட்டவாவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால், உலகமே புகழ்ந்த கேமாய் இருந்தாலும் என் கடை வாசல் பலகையில் அதற்கு இடமில்லை. அப்படி விழுந்த ஒரு கேமைச் செய்தவர்களுக்கு எழுதினேன். பதில் வந்தது, அடுத்த திருத்தத்தில் சரிசெய்தும் விட்டார்கள். பெனடிக்ற் தானே திருத்தினது மாதிரி ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

3. கூறு பார்த்து வாங்குதல்

கடை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். இந்தக் கிழமை எதற்குக் கழிவு, அதாவது விலைக்குறைப்பு, எதை வாங்கலாம், எதை விடலாம் என்று எழுதுவேன்.

என் அம்மா சந்தையில் மீன் விற்றவர். மீனைக் கூறு போட்டு வைப்பார்கள் தெரியும்தானே. மேலே இரண்டு நல்ல விளைமீன் பளபளவென்று கிடக்கும். அடியில் பதம் கெட்ட சூடை. இணையக் கடையில் பத்துக் கேமை ஒரு கட்டாய்க் கட்டி மலிவு விலையில் போடுவதும் அதே வேலைதான். நான் அடியில் கிடப்பதையும் புரட்டிப் பார்ப்பேன். நல்லது இரண்டுதான் என்றால் அந்த இரண்டையும் தனியாய் வாங்கினால் என்ன விலை என்று பார்ப்பேன். பல முறை அதுதான் லாபம்.

இன்னொன்று, வெளிவந்த முதல் நாள் விலைக்கு நான் எதையும் வாங்குவதில்லை. எத்தனை பேர் எவ்வளவு புகழ்ந்தாலும் சரி. பொறுத்திருந்தால் விலை இறங்கும், பிழைகளும் திருத்தப்படும். சுகந்தி ரீச்சர் ஒரு புதிர் கேமுக்காக மாதக்கணக்காய் என்னைத் தொந்தரவு செய்தார். "இண்டைக்காவது வாங்குவமே?" என்று ஒவ்வொரு கிழமையும் ஃபோன் எடுப்பார். இல்லை ரீச்சர், பொறுங்கோ என்பேன். கடைசியில் பாதிக்கும் குறைந்த விலையில் வாங்கிக் கொடுத்தபோது, "உம்மட்டைக் கணக்குப் படிக்க வேணும்," என்றார். அவரே கணக்கு ரீச்சர்.

4. அண்ணை வந்தார்

கடை இருக்கிற கட்டிடம் என் அண்ணை அருள்தாஸின் பெயரில். இளந்தாரியாய் இருந்தபோது கடலுக்குப் போனவர், பிறகு பிரான்சுக்குப் போனார். அங்கிருந்து அனுப்பிய காசில் கட்டியது. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் இருக்கிற தொழில் என்னுடையது.

தேவாலயப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தவர் கடை வாசலில் நின்று பலகையையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். கதிரையில் பெனடிக்ற் இருந்தார்.

"உதென்னடி கோலம்?" என்றார் அண்ணை. "கேம் கடை வைச்சிருக்கிறாள் எண்டு பாரிசிலை என்னைக் கேட்டுச் சிரிக்கினம். வயசு போன மனுசர் குந்தியிருந்து விளையாடுதுகள்!"

"சாராயக் கடை வைச்சா உங்கடை பாரிஸ் ஆக்கள் வாயைத் திறந்திருக்க மாட்டினம்," என்றேன்.

பெனடிக்ற் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "வா தம்பி, சுகமாய் இருக்கிறியே?" என்றார்.

அண்ணை உடனே முறித்துக்கொள்ளவில்லை. அவருக்கே உரிய வேலை ஒன்று செய்தார். பெருநாளன்று கடை வாசலில் சனம் கூடி நின்றபோது, என் வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கேம் பரிசு என்று அறிவித்தார். "இவள் கழிவு கழிவு எண்டு பலகையிலை எழுதுறாள். நான் பிரான்சிலை எடுத்தது அதிலையும் மலிவு," என்று ஃபோனைத் தூக்கிக் காட்டினார்.

ஆரோ ஒரு இடைத்தரகனிடம் கேமைத் திறக்கிற இரகசிய எண்களாய் வாங்கியிருக்கிறார். எல்லாரும் பார்த்து நிற்க நான் என் மெசினில் ஒவ்வொன்றாய் அடித்தேன். ஒன்றும் திறக்கவில்லை. அவை ஐரோப்பாவுக்குள் மட்டும் வேலை செய்பவை. இந்தக் கேம்களுக்கு எங்கள் நாட்டுக்கென்று இணையக் கடையில் போட்டிருந்த விலை அவர் கொடுத்ததைவிடக் குறைவு. வெளிநாட்டில் இருந்து வந்தால் எல்லாம் திறம் என்பது எங்கள் சனத்தின் நினைப்பு. அது சொக்லேற்றுக்குச் சரி.

சத்தியமாய் நான் சிரிக்கவில்லை. ஆனால் சனத்துக்குள் ஒருத்தர் சிரித்துவிட்டார். அண்ணையின் முகம் கறுத்தது.

அன்று பின்னேரம் கடைக்கு வந்தார். "கதிரை, பலகை ரெண்டையும் எடு. திருத்திற வேலையை மட்டும் செய். இல்லாட்டிக் கடையைப் பூட்டித் திறப்பைத் தா."

"அண்ணை, என்னட்டைத் திருத்த வாற ஆக்களிலை பாதிப் பேர் உந்தக் கதிரையாலைதான் வந்தவை."

"என்ரை கட்டிடம். நான் சொல்லுறதுதான்."

சண்டைக் காலத்தில் நாங்கள் இங்கே இருந்து பட்டதெல்லாம் எனக்கு நினைவு வந்தது. இருக்கிறவள் என்ன செய்ய வேண்டும் என்று போனவர் வந்து சொல்வதா? இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இந்தாங்கோ. கட்டிடம் உங்கடை. கதிரை என்ரை."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

5. எஞ்சின் கொட்டில்

வீட்டுக்குப் போய் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? தொழிலை இழந்தவள் அழாமல் என்ன செய்வாள்? முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் பெனடிக்ற் சாமான் ஏற்ற லான்ட்மாஸ்ரர் வண்டியோடு வாசலில் நிற்கிறார். "என்ரை கொட்டிலிலை பாதியை எடு பிள்ளை. எண்ணெய் மணக்கும், சொல்லிப்போட்டன்."

எண்ணெய் மட்டுமா மணத்தது? உப்புக் காற்றுப் புகுந்து கொம்பியூட்டர்கள் துருப் பிடித்தன. இரவில் எல்லாவற்றையும் பொலித்தீனால் சுற்றிக் கட்டுவேன். திருத்தக் கொடுத்தவர்கள் சிலர், இந்த இடமா என்று திருப்பி எடுத்துப் போனார்கள். கதிரையை மட்டும் கடலைப் பார்த்து, முன்னுக்குப் போட்டேன். பலகையைக் கொட்டில் கதவில் அடித்தேன். சுகந்தி ரீச்சர் நெல்லியடியில் இருந்து பஸ் ஏறி வந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு புதிர் கேம் விளையாடினார்.

6. ஆணியில் தொங்கிய திறப்பு

பிரான்சுக்குத் திரும்புவதற்கு முதல் நாள் அண்ணை கொட்டிலுக்கு வந்தார். என்னோடு கதைக்கவில்லை. பெனடிக்ற்றோடு கதைக்க வந்தவர் மாதிரி நின்றார். பெனடிக்ற் ஒரு படகுக் கேமின் டெமோவில் இருந்தார். சின்னப் படகு ஒன்றை மூடுபனிக்குள் தீவு தீவாய் ஓட்டிக் கரைசேர்க்க வேண்டும்.

"உப்பிடித் திருப்பினா படகு பிரளும்," என்றார் அண்ணை.

"அப்ப நீ வந்து ஓட்டு," என்று பெனடிக்ற் எழும்பினார்.

அண்ணை குந்தினார். கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையை மடித்தார். முன்னொரு காலத்தில் இதே கரையில் வள்ளம் தள்ளிய ஆள் அவர். உதட்டைக் கடித்துக்கொண்டு, அலைக்கு ஏற்றபடி உடம்பையும் சரித்து ஓட்டினார். துறைமுக வெளிச்சம் தெரிந்த இடத்தில் டெமோ முடிந்தது. திரை கறுத்தது.

"மிச்சம் எங்கை?"

"வாங்கினாத்தான்."

"நான் உன்ரை அண்ணையடி."

"ஓம். இந்தக் கதிரையிலை எல்லாருக்கும் உவ்வளவுதான்."

முறைத்தார். நானும் முறைத்தேன். பெனடிக்ற் ஒரு எஞ்சினை எடுத்துத் தேவையில்லாமல் துடைத்தார். பிறகு அண்ணை சொன்னார்: "சரி, கடைக்குத் திரும்பி வா. கதிரையை உள்ளுக்குத் திரை போட்டு வை. பலகை வேண்டாம்."

"மாட்டன்."

அவர் போகும்போது திறப்பைப் பெனடிக்ற்றிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெனடிக்ற் அதை எஞ்சின் பெல்ட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டினார். உப்புக் காற்று ஒவ்வொரு மெசினாய்த் தின்னத் தின்ன, அந்தத் திறப்பு என் தலைக்கு மேலே தொங்கியது. எடுத்திருக்கலாம். கை போகவில்லை. அதற்கு அவர் கேட்ட விலை அதிகம்.

சில கிழமைகளில் பிரான்சில் இருந்து ஃபோன் வந்தது. அந்தப் படகுக் கேமை அங்கே முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். கழிவு வரும்வரை பொறுக்கத் தெரியாத மனுசன். "கதிரை முன்னுக்கே இருக்கட்டும். பலகையை மட்டும் உள்ளுக்கு வை," என்றார். மாட்டன் என்றேன். ஃபோனைப் பட்டென்று வைத்துவிட்டார்.

மாரி தொடங்கிக் கொட்டில் ஒழுகியது. பழைய சோதனை மெசினுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நான் நின்றபோது மறுபடி ஃபோன். வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை.

"எடியே, உந்தக் கடைசித் துறைமுகத்துக்கு எப்பிடியடி போறது? மூண்டு நாளாய்ப் பாறையிலை கொண்டுபோய் அடிக்கிறன்."

"நான் கழிவிலை வாங்கி விளையாடி முடிச்சிட்டன். ஆனாச் சொல்ல மாட்டன். நீங்களே பாருங்கோ."

மறுபக்கத்தில் பெருமூச்சு. பிறகு, "நீ கடையிலை உன்ரை எண்ணப்படி செய். கதிரை, பலகை, என்னவெண்டாலும் வை. நான் இனி வாய் திறக்க மாட்டன். போதுமே?"

"எழுதித் தாங்கோ. வாடகையையும் எழுதுங்கோ. சும்மா வேண்டாம்."

அவர் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கனகாலம். "தாறனடி. இப்ப துறைமுகத்தைச் சொல்லு."

எழுத்து வந்த பிறகுதான் துறைமுகத்தைச் சொன்னேன். அன்றைக்குத்தான் ஆணியில் இருந்து திறப்பையும் எடுத்தேன்.