ஜனாதிபதியைக் கழற்றியது யார்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவில் ரொறன்ரோவின் கிழக்கோரம் ரூஜ் பக்கத்தில் ஒரு வீட்டில், வயதான அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மல்வேர்னில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் பஸ் ஏறி, இன்னொன்று மாறி, கொஞ்சம் நடக்க வேண்டும். அவர் தென்மாநிலம் ஒன்றிலிருந்து வந்த கறுப்பினத்தவர் என்றும், விழுந்து இடுப்பு முறிந்ததால் மகன் இங்கே அழைத்து வந்திருக்கிறார் என்றும், தானாக எழும்ப மாட்டார் என்றும் ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். மகன் விடியவே ரயிலில் டவுன்டவுனுக்கு வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுவதும் நாங்கள் இருவர்தான்.

அவர்கள் என்னோடு பேசியது ஆங்கிலத்தில். ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத்தாரைப் போலவே பேசுகிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாளே பிழையாகிப் போனது. நான் வழக்கம்போல "அன்ரி" என்று கூப்பிட்டேன். அவர் முகம் இறுகியது.

"எங்கடை ஊரிலை வெள்ளைக்காரர் எங்களை அப்பிடித்தான் கூப்பிடுவினம். மிஸிஸ் எண்டு சொல்ல அவைக்கு வாய் வராது. நீர் மிஸிஸ் எண்டே சொல்லும்."

மரியாதையாகச் சொன்னதை அவமதிப்பு என்று எடுத்தவரிடம் கவனமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் என்னைக் கவனமாகத்தான் பார்த்தார். நான் அலமாரியைத் திறந்தால் அவர் கண்ணும் கூடவே வரும்.

கட்டிலுக்கு எதிரே சுவரில் இரண்டு படங்கள். ஒன்றில் இராணுவ உடுப்போடு ஓர் இளைஞன். அவருடைய மூத்த மகன். மற்றதில் பெரிய காதுகளோடு ஒரு வெள்ளைக்காரர். தேவாலயத்துக் கலண்டரில் வெட்டிச் சட்டம் போட்ட படம். ஆர் இது என்று கேட்டேன்.

"எங்கடை பழைய ஜனாதிபதி. எனக்கு வோட்டுப் போடுற உரிமை தந்தவர்." பிறகு மகனின் படத்தைக் காட்டினார். "அவனை வியட்நாமுக்கு அனுப்பினவரும் அவர்தான். கொஞ்சம் தண்ணி கொண்டு வாரும்."

மூத்தவன் அந்தச் சண்டையில் செத்தபின், இளையவருக்கும் ஆள்சேர்ப்பு அழைப்பு வந்ததென்றும், அவர் எல்லை கடந்து ரொறன்ரோவுக்கு ஓடிவந்தவர் என்றும் பிறகுதான் அறிந்தேன். அவர் தாயின் அறைக்குள் வந்தால் அந்தச் சுவருக்கு முதுகு காட்டியபடியே நிற்பார்.

சில வாரங்களில் ஒரு காலை, ஜனாதிபதியின் படத்தைக் காணவில்லை. வெறும் ஆணிதான் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் படம் திரும்பவும் இருந்தது. அடுத்த வாரம் மறுபடி இல்லை.

வேறொருத்தி என்றால் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் எங்கள் ஊரில் சுவரில் எந்தப் படம் தொங்குகிறது என்பது சின்ன விஷயமல்ல. ஆமி வந்தால் ஒரு படத்தைக் கழற்ற வேண்டும், போராளி இயக்கம் வந்தால் இன்னொன்றை. யாரோ வருகிறார்கள், அதற்காகத்தான் மகன் கழற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். வருவது யார்? குப்பைக்கூடையையும், கழுவாத கோப்பைகளையும் கவனிக்கத் தொடங்கினேன். விருந்தாளி வந்த அடையாளம் எதுவும் இல்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உனக்கு உந்தப் படத்தாலை என்ன? உவன் எங்கையாவது கமெராவும் வைச்சிருப்பான். வேலையை மட்டும் பார்" என்றார்.

கமெராவை நான் யோசித்திருக்கவில்லை. அதன்பின் அந்த வீட்டில் தலை சொறியவும் பயமாக இருந்தது.

ஒரு மாலை மகன் நேரத்தோடே வந்தார். கோட்டைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றார்.

"ஒண்டு கேக்கவேணும். அம்மாவின்ரை படத்தை ஏன் கழட்டுறியள்?"

"நானோ? நான் தொடவேயில்லை. நீங்களாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

"எனக்கு அந்தாளைக் கண்ணிலை காட்டேலாது. ஆனா அது அம்மான்ரை சாமான், நான் கை வைக்கமாட்டன். இந்த வீட்டிலை எழும்பி நடக்கிறது நீங்களும் நானும்தான். இனியும் நடந்தா ஏஜென்சிக்குச் சொல்லவேண்டி வரும்" என்றார்.

அவர் பொய் சொல்கிறார் என்றே நம்பினேன். மறுநாள் தாயிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் படுக்கையிலை கிடக்கிற மனுசி" என்றார், ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வாரமே ஒரு நாள் வேலை முடித்து பஸ் தரிப்புவரை போனபின் கையுறையை விட்டுவந்தது தெரிந்தது. திரும்பிப் போய், என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தேன். மிஸிஸ் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை மேசையைப் பிடித்திருந்தது. மறு கையில் இருந்த கைத்தடியின் வளைவால் படத்தின் கயிற்றைத் தூக்கி, ஆணியிலிருந்து விடுவித்து, மெதுவாகக் கட்டிலில் இறக்கினார். பழகின கை.

என்னைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. "கதவைச் சாத்தும், குளிருது" என்றார்.

"நீங்கள் எழும்புவியளோ?"

"கன நாளா எழும்புறன். அவனுக்குத் தெரிஞ்சா உம்மை நிப்பாட்டிப்போடுவான். பிறகு நான் பகல் முழுக்க ஆரோடை கதைக்கிறது?"

"அப்ப படம்?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "சில நாள் இந்த மனுசனைப் பாக்கலாம். சில நாள் பாக்கேலாது."

பிறகு சொன்னார். முன்பு கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியப் போனால், வெள்ளைக்காரக் கந்தோர் அதிகாரி சட்டத்தில் ஒரு பந்தியைத் தந்து விளக்கம் கேட்பானாம். என்ன சொன்னாலும் பிழை. இந்த ஜனாதிபதி சட்டத்தை மாற்றினபின், தேவாலயத்துக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாராம். அதே ஆள், முகத்தை நிமிர்த்தாமல் இவர் பெயரை எழுதினானாம்.

"அண்டைக்கு இந்தப் படத்தைக் கொழுவினன். மூத்தவன்ரை செய்தி வந்த அண்டைக்குக் கழட்டினன். உடைப்பம் எண்டு தூக்கினன், ஏலாமல் போச்சு. ரெண்டையும் செய்தது ஒரே ஆள். நான் அவரை ரெண்டு ஆளாக்கேலாதே."

எங்கள் நாடான இலங்கையிலும் அப்போதுதான் ஒரு புது ஜனாதிபதி சமாதானம் பேசிப் பதவிக்கு வந்திருந்தார். இந்த முறை சரிவரும் என்று கணவர் நாளும் சொல்லுவார். நான் நம்பவில்லை. அடுத்த வருடமே அதே அரசாங்கத்தின் ஆமி யாழ்ப்பாணத்துக்குள் வந்தது. நான் நினைத்தது சரியென்று ஆனதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருக்கவில்லை.

"உங்கடை மகன் என்னிலைதான் சந்தேகப்படுறார். என்ரை வேலை போயிடும், மிஸிஸ்" என்றேன்.

மறுநாள் மாலை மிஸிஸ் என்னைப் போகவிடாமல் நிறுத்திவைத்து, மகன் வந்ததும் "இஞ்சை வா" என்று கூப்பிட்டார். போர்வையை விலக்கினார், எழும்பினார். மகன் பதறிப் பிடிக்க ஓடினார்.

"விடு" என்று அதட்டிவிட்டு, முந்தின நாள் இறக்கிய படத்தைத் தடியில் தூக்கித் திரும்ப ஆணியில் மாட்டிக் காட்டினார். "இவளை ஒண்டும் கேக்காதை. நான்தான்."

மகன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணாவுக்குப் பக்கத்திலை அந்தாளை வைச்சுக் கும்பிடுறாய் எண்டுதான் நான் நினைச்சன்" என்றார்.

"கும்பிடவோ? காவல் இருக்கிறன். ஒரு கண் அவரிலை இருக்கவேணும்."

மகன் முதன்முறையாகத் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

தாய் பயந்ததே நடந்தது. எழும்பி நடக்கிறவருக்கு முழுநாள் ஆள் தேவையில்லை என்று ஏஜென்சி நேரத்தைக் குறைத்து, அதற்கு வேறொருத்தியைப் போட்டது. எனக்கு மல்வேர்னிலேயே வேறொரு வீட்டில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று மிஸிஸ் என் கையைப் பிடித்துவைத்திருந்தார். மழை கொட்டியதால் மகன் என்னைக் காரில் கொண்டுபோய் விட்டார். பிழையாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நானும் அவரைப் பிழையாகத்தான் நினைத்தேன் என்றேன்.

எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் காரை நிறுத்தும்போது கேட்டார்: "உங்கடை வீட்டிலை ஆராவது சண்டைக்குப் போனவையோ?"

அவர் கேட்டது வெள்ளை மனத்தோடுதான். இப்போது அது எனக்குத் தெரியும். என் தம்பி இயக்கத்துக்குப் போயிருந்தான். ஆனால் எங்கள் அகதிக் கேஸ் அப்போதும் முடிந்திருக்கவில்லை; இயக்கத் தொடர்பு தெரிந்தால் கேஸ் தோற்றுவிடும்.

"இல்லை, ஒருத்தரும் போகேல்லை" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன்.