வெள்ளகவிக்கு இறங்கிய கமாண்டர்

கமாண்டர் தண்டபாணி இறந்த செய்தி, மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆலைக்குத் தொலைபேசியில் வந்தது. கொடைக்கானல் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய் பேசினார். டிரங்க் காலில் இரைச்சல் அதிகமாக இருந்தது. "வெள்ளனே எந்திரிச்சு காப்பி குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தவருதாங்க. நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை சொல்லலை. வெரசா கெளம்பி வாங்க" என்றார். அடுத்த பேருந்தில் ஏறினேன். தண்டபாணிக்கு இன்னும் ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவரைத் தெரிந்தவர்களில் பலருக்கு அவரைப் பாதிதான் தெரியும். கடற்படையில் பழகியவர்களுக்கு அவர் பதக்கம் வாங்கிய போர் விமானி. கொடைக்கானல்காரர்களுக்கோ வட்டக்கானல் பாதையில் தனியாக நடந்து போகும், அதிகம் பேசாத மனிதர். நடுவில் நடந்ததை உடனிருந்து பார்த்தவன் நான். அவர் தலைமை தாங்கிய ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில், விமானங்களைப் பழுது பார்க்கும் பொறியாளராக இருந்தேன்.

பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. ஐம்பதுகளின் நடுவில் வெளிநாட்டுக்குப் போய் ஜெட் விமானம் ஓட்டப் பழகி வந்தார். ஒருமுறை அவருடன் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். தம்பி முருகேசன்தான் அப்போது கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கண்ணன் கப்பல்ல ஏரோப்ளேன் ஓட்டுறாருன்னு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க சார். கப்பலா ஏரோப்ளேனா, ஒண்ணச் சொல்லுப்பாங்கறாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். தண்டபாணி சிரிக்கவில்லை. "ரெண்டும் ஆடும்னு சொல்லு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் குறுக்காக எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். இறங்கும் விமானத்தின் வாலிலுள்ள கொக்கி அவற்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அப்படியே மீண்டும் மேலே எழும்பிவிட வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது.

பதக்கம் கிடைத்தது ஒரு மழைக்காலத்தில். கூடப் பறந்த இளம் விமானி ஒருவருக்கு மேகத்துக்குள் கருவிகள் செயலிழந்துவிட்டன. மேலே எது, கீழே எது என்று தெரியாத நிலை. தண்டபாணி தன் விமானத்தை அவருடைய இறக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "என்னை மட்டும் பார். வேறு எதையும் பார்க்காதே" என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கப்பல்வரை அழைத்து வந்தார். முதலில் அவரை இறங்கவிட்டார். பிறகு தானும் இறங்கினார். தண்டபாணியின் விமானத்தை நான் திறந்து பார்த்தபோது, இன்னொரு முறை எழும்பிச் சுற்றிவர அதில் எரிபொருள் இல்லை. பதக்கம் குத்திய அன்று இதைச் சொல்லிப் பாராட்டினேன். "எனக்கு வேற வழி தெரியலை. அவனை விட்டுட்டு வந்து யார் மூஞ்சியில முழிக்கிறது?" என்றார். அதற்குப் பிறகுதான் ஸ்குவாட்ரன் தலைமை அவரிடம் வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மாலை. பயிற்சிப் பறத்தல் நடந்துகொண்டிருந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொந்தளிக்க ஆரம்பித்தது. நிறுத்திவிடலாமா என்று கப்பலின் கட்டுப்பாட்டு மேடையிலிருந்து தண்டபாணியைக் கேட்டார்கள். ஒரு புது விமானிக்கு ஒரு இறக்கம் மிச்சமிருந்தது. "இன்னும் ஒரு சுற்று" என்றார். அந்த விமானம் தளத்தைத் தொட்ட கணத்தில் கப்பல் சாய்ந்தது. விமானம் சறுக்கி ஓரத்துக்குப் போனது. விமானி பிழைத்தார். சக்கரங்களுக்குக் கட்டை வைக்க ஓரத்தில் காத்திருந்த மாலுமி சின்னையா பிழைக்கவில்லை. கொடைக்கானலுக்குக் கீழே, ஒற்றையடிப் பாதை மட்டுமே உள்ள வெள்ளகவியிலிருந்து வந்து படையில் சேர்ந்தவர் அவர்.

விசாரணை நடந்தது. தளத்தில் மஞ்சள் கோடு உண்டு. விமானம் இறங்கும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது. சின்னையா தாண்டியிருந்தார். கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடலாம் என்பது பலருடைய எண்ணம். மூத்த அதிகாரி ஒருவர் தண்டபாணியிடம் தனியாக, அடுத்த பதவி உயர்வு நெருங்குவதை நினைவூட்டினார். தண்டபாணி விசாரணையில் நின்று சொன்னார்: "அவர் கோட்டைத் தாண்டியது உண்மை. தளம் சாய்ந்து வழுக்கியதால் தாண்டினார். அந்தக் கடலில் இன்னொரு சுற்று கேட்டவன் நான்." நான்கு வாக்கியங்கள்கூட இல்லை. அப்படியே பதிவு செய்தார்கள். பதவி உயர்வு வரவில்லை. சில மாதங்களில் ஸ்குவாட்ரன் வேறொருவர் கைக்குப் போனது. அவரை மேசை வேலைக்கு மாற்றினார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

விசாரணை முடிந்த வாரமே வெள்ளகவிக்குப் புறப்பட்டார். நானும் உடன் போனேன். வட்டக்கானலைத் தாண்டி, காட்டுச் சரிவில் மூச்சு வாங்க இறங்கினோம். ஊர் எல்லையில் ஒரு பெண் எங்களை நிறுத்தி, "ஊருக்குள்ள செருப்புப் போடப்படாதுங்க. சாமி குத்தம்" என்றார். தண்டபாணி சீருடையோடு குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

சின்னையாவின் தந்தை கருப்பையா வாசலில் நின்றார். தாய் உள்ளே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எம் மகன் கோட்டத் தாண்டுனதாலதான் செத்தான்னு தபால்காரரு கேட்டுட்டு வந்து சொன்னாருங்க. அவன் மேலதான் தப்பா?" என்று கேட்டார் கருப்பையா.

"இல்லைங்க. வேலைய நிறுத்தியிருக்கணும். நான் நிறுத்தலை. தப்பு என் மேல."

கருப்பையா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "இதச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளா?"

"ஆமாங்க."

"சொல்லிட்டீகள்ல. போங்க."

உள்ளேயிருந்து அந்தத் தாய் மட்டும், "வலிச்சுதாமாய்யா அவனுக்கு?" என்று கேட்டார். "ரொம்ப நேரம் இல்லம்மா" என்றார் தண்டபாணி. பொய் சொல்லவில்லை. ஊர் எல்லையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு திரும்பி ஏறினோம்.

பின்பு கடற்படையிலிருந்து விலகி வட்டக்கானலில் சிறு வீடு எடுத்துத் தங்கினார். பழனிக்கு வரச் சொல்லி முருகேசன் எவ்வளவோ அழைத்தும் போகவில்லை. மாதம் ஒருமுறை வெள்ளகவிக்கு இறங்குவார். கருப்பையா முதலில் அவரைக் கண்டதும் தோட்டத்துக்குப் போய்விடுவாராம். தண்டபாணி அந்தத் தாயிடம் நலம் கேட்டுவிட்டு ஏறிவிடுவார். இப்படியே நெடுங்காலம் போனது. ஒரு மழை நாளில் கருப்பையாவே, "நனையாம உக்காருங்க" என்றாராம். இதை எனக்குச் சொன்னபோது தண்டபாணி, "உக்காருங்கன்னாருப்பா" என்று இரண்டு முறை சொன்னார்.

அவர் இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் கடற்படைக்காரர்கள் யாரும் இல்லை. செய்தி அவர்களுக்கு எட்டியிருக்காது. காதர் பாயும் முருகேசனும் ஆகவேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் வெட்டிப் பாடை கட்டியவர்கள் வெள்ளகவி ஆட்கள். கருப்பையா தள்ளாத வயதிலும் அந்த ஏற்றத்தை ஏறி வந்திருந்தார். பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுக்க வந்தவரை, "பெரியவரே, ஒங்களால முடியாது" என்று தடுத்தார்கள். "எம் மகனத் தூக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கல. தள்ளுங்கடா" என்றார். தள்ளினார்கள்.

தண்டபாணியின் பதக்கம் முருகேசனிடம் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். ஆலையில் யாருக்காவது அடிபட்டால், அடிபட்டவர் என்ன தவறு செய்தார் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் கேட்கிறேன். அந்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தியிருக்கக் கூடியவர் யார் என்பதை முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. சுமப்பதற்கு எளிதாக இல்லை.