கரடிக்குத் துணையாகப் போனவன்

கம்பிக்கு உள்பக்கம் நின்று வேலை பார்க்கிறவனுக்குத்தான் வெளிப்பக்கம் நிற்கிறவர்களின் லட்சணம் தெரியும். ரேஷன் கடையோ, ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலோ, ரயில்வே டிக்கெட் கவுண்ட்டரோ, நீங்கள் எங்கே நின்று பாடுபட்டவராக இருந்தாலும் நான் சொல்வது புரியும். என் கம்பிக்குள் கூடவே ஒரு கரடியும் இருந்தது, அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு மிருக வியாபாரியிடம் வேலையில் இருந்தேன். காட்டில் பிடித்து வரும் குட்டிகளை வளர்த்து, வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகளுக்கு அனுப்புவார். அப்போது அதற்குத் தடை கிடையாது. உத்தனப்பள்ளி தாண்டி ஒரு குன்றிலிருந்து வந்தவள் நல்லம்மா. பெயர் வைத்தவர் முதலாளி. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. அதில் ‘நல்ல’ என்றால் கறுப்பு. ஒரு வருஷம் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டு வளர்த்தேன். வயிறு நிறைந்ததும் தன் பாதத்தையே வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, தேனீக்கூடு மாதிரி ஒரு ரீங்காரம் போடுவாள். மலேசியாவிலிருந்து ஒரு மிருகக்காட்சிசாலை கரடி கேட்டபோது முதலாளி அவளைக் கை காட்டினார். “ஆரோக்கியம், நீயும் கூடப் போ. ஒரு மாசம் இருந்து பழக்கி, ஒப்படைச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு வா” என்றார். சேலத்தைத் தாண்டி அறியாத எனக்குத் தலைகால் புரியவில்லை.

துறைமுகத்தில்

சென்னைத் துறைமுகத்தில் எங்கள் இருவரையும் வெயிலில் நிற்க வைத்தார்கள். கரடிக்குக் கால்நடை டாக்டர் சர்ட்டிபிகேட், ஏற்றுமதிச் சீட்டு, கூண்டின் அளவு எழுதிய தாள் எல்லாம் முதலாளி கட்டிக் கொடுத்திருந்தார். எனக்குப் பாஸ்போர்ட்டும் அம்மை குத்திய சர்ட்டிபிகேட்டும். சுகாதார அதிகாரி கரடியின் தாள்களைப் புரட்டிவிட்டு முத்திரை குத்தினார். என் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, தழும்பைத் தேடினார். வெயிலில் கறுத்த கை. தழும்பு லேசாகத்தான் தெரிந்தது.

“மறுபடி குத்திக்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வா” என்றார். கப்பல் அன்று சாயந்திரம். கரடியை யார் பார்த்துக்கொள்வது என்று கத்தினேன். கடைசியில் இன்னொரு டாக்டர் வந்து தடவிப் பார்த்துத் தழும்புதான் என்று ஒப்புக்கொண்டார். அதுவரை இரண்டு மணி நேரம் நான் கெஞ்சியதற்கெல்லாம் அந்த அதிகாரி சொன்னது ஒரே பதில்: “கரடி போகலாம். எனக்கு உம்மேலதான் சந்தேகம்.”

ஒரு முடி

கப்பலின் மேல்தளத்தில் தார்ப்பாய் கட்டிய மூலையில் கூண்டு. பக்கத்திலேயே என் பாய். முதல் நாள் எல்லோரும் தூர நின்று பார்த்தார்கள். கரடி முடி வைத்துத் தாயத்துக் கட்டினால் குழந்தைகளுக்குப் பயம் தெளியும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டாம் நாள் கப்பலே கூண்டைச் சுற்றி வந்துவிட்டது. நான் முகம் கழுவப் போன நேரத்தில் நல்லம்மா அலறினாள். ஓடி வந்து பார்த்தால், வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஒரு பெரியவர், கம்பிக்குள் கையை விட்டு ஒரு கொத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அவள் தோளில் ரத்தம் துளிர்த்திருந்தது.

“ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? அது உயிருங்க” என்றேன். அவர் முடியைப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: “இவன் எதுக்கு இந்தக் குதி குதிக்கிறான்? இவன் தலையிலயா பிடுங்கினேன்?”

போர்டு

போய்ச் சேர்ந்த இடத்தில் நல்லம்மாவுக்கு முன்பே அவளுடைய போர்டு தயாராக இருந்தது. நான்கு மொழிகளில் ‘ஆப்பிரிக்கக் கரடி’. ஆப்பிரிக்காவில் கரடியே கிடையாது. இதை நான் மானேஜரிடம் சொன்னேன். அவர் இரண்டு தலைமுறைக்கு முன் அங்கே போன தமிழ்க் குடும்பத்துக்காரர். மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல் “பெயின்ட் காஞ்சு போச்சு” என்றார்.

சரி, வருகிறவர்களிடம் வாயாலாவது சொல்லலாம் என்று போர்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாத்தியார் வந்தார். “ஆப்பிரிக்காவின் அடர்ந்த காடுகளில்...” என்று அவர் ஆரம்பித்ததும் குறுக்கே போய், “சார், இது எங்க ஊருங்க. ஓசூர்ப் பக்கம். நான்தான் வளர்த்தேன்” என்றேன். பிள்ளைகள் என்னையும் கரடியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வாத்தியார் என் லுங்கியை மேலும் கீழும் பார்த்தார். “போர்டுல எழுதினவங்க படிச்சவங்க. நீ கொஞ்சம் தள்ளி நில்லு.”

களி

நல்லம்மாவுக்கு அங்கே கொடுத்தது ரொட்டியும் டின் பாலும். மூன்றே நாளில் வயிற்றால் போய்ச் சுருண்டு படுத்துவிட்டாள். பாதத்தைச் சப்பக்கூட இல்லை. அங்கே வேலை பார்த்த மாணிக்கம், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், நல்ல மனுஷன். தோட்டத்துக் கடையில் கேழ்வரகு மாவு கிடைக்கும் என்று சைக்கிளில் போய் வாங்கி வந்தார். யானைக் கொட்டகை அடுப்பில் களி கிண்டி, வெல்லம் போட்டு உருட்டிக் கொடுத்தேன். முதல் நாள் நக்கினாள், மறுநாள் தின்றாள், மூன்றாம் நாள் ரீங்காரம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மானேஜர் வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். விரலில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தார். எங்கள் கிருஷ்ணகிரிச் சீமையே மூன்று வேளை உண்டு நிமிர்ந்து நிற்கிற சாப்பாடு அது. அவர் கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இதைப் போட்டா வளர்த்தீங்க? அதான் கரடி கப்பல் ஏறி ஓடி வந்துடுச்சு.”

கையெழுத்து

இதுவரை சொன்னதெல்லாம் வாயால் வந்த எரிச்சல். இது அப்படியல்ல.

நல்லம்மாவை விட்டிருந்தது ஒரு சிமெண்டுப் பள்ளம். நிழலென்று ஒரு விரற்கடை கிடையாது. பத்து மணிக்கே தரை கொதிக்கும். சுவரோரம் ஒட்டி ஒட்டி நகர்ந்து பாதத்தை நக்குவாள். கூரை போடச் சொல்லித் தினமும் கேட்டேன். மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குக் கரடி மறைந்துவிடும் என்றார் மானேஜர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டத்தில், ஒருவன் எரிகிற சிகரெட்டைக் கீழே போட்டான். தின்பண்டம் என்று நினைத்து அவள் உதட்டை நீட்டிக் கவ்வினாள். அந்த அலறலுக்கு மேலே நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். மாணிக்கம்தான் பிரித்துவிட்டார்.

மாசம் முடிந்தது. ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். “கூரையும் சுற்றிக் கம்பி வலையும் போடுங்க. போட்டாத்தான் பேனாவைத் தொடுவேன்” என்றேன். மானேஜர் போலீஸ் என்றார், முதலாளிக்குத் தந்தி என்றார். என் கப்பல் போனது; நான் போகவில்லை. பயம் இல்லாமல் இல்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டால் யாரைப் போய்க் கேட்பேன்? ஒன்பது நாள் யானைக் கொட்டகையிலேயே கிடந்தேன். பத்தாம் நாள் மூங்கிலும் ஓலையும் வந்து இறங்கின. நானும் மாணிக்கமும் கூரை போட்டோம். வலையை அவர்களே அடித்தார்கள். வேலை முடிந்ததும் நல்லம்மா நிழலுக்குப் போய் மல்லாந்து படுத்தாள். கையெழுத்துப் போட்டேன். புறப்படும்போது அவளிடம் போகவில்லை. குன்றிலே கிடந்தவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் நானும்தானே; எந்த முகத்தோடு போவது? மாணிக்கம் என் பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்: “களி கிண்ட நான் கத்துக்கிட்டேன்லா. நீங்க அழாம போங்கண்ணே.”

கடிதம்

ஓசூருக்கு வந்து இறங்கிய மறுவாரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மலேசியாவிலிருந்து கடிதம். கரடி நன்றாக இருக்கிறதாம், கூட்டம் பெருகியிருக்கிறதாம். கூரையும் வலையும் தங்கள் சொந்த யோசனை என்று எழுதி, பெருமைக்குப் புகைப்படமும் வைத்திருந்தார் மானேஜர். படத்தில் நல்லம்மா நிழலில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் மாணிக்கத்தின் பாதி முகமும் களிச்சட்டியும் தெரிந்தன. அதைப் பார்த்ததில் பாதிக் கோபம் போனது. மீதிப் பாதிக்கு முதலாளி கடைசி வரியைத் தமிழில் சொன்னார்: “அடுத்த முறை கரடியை மட்டும் அனுப்பவும், ஆள் வேண்டாம்.”

இத்தனை வருஷத்தில் என்னைக் கடித்த கரடி ஒன்றே ஒன்று, அதுவும் தின்றுகொண்டிருக்கும்போது நான் அதன் தட்டை இழுத்ததற்காக. அந்தச் சின்ன நியாயம்கூட இல்லாமல்தான் மற்றவர்கள் எல்லோரும் கடித்தார்கள்.