மாரீஸ்வரிக்கு வந்த செள்ளுப்பனி

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் மாரீஸ்வரியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. மேல்காட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டே அவள் பேசினால், கீழே ரோட்டில் போகிற ஜீப்புக்காரன் பதில் சொல்லிவிட்டுப் போவான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவளுக்கு அடுத்த வீடு சாந்தம்மாளுடையது. குழாயடித் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. ஆனாலும் மாரீஸ்வரி நடுச்சுவரைப் பார்த்துத் திட்டுவதை நிறுத்தவில்லை. சாந்தம்மாளும் கேட்பதை நிறுத்தவில்லை.

மழை ஓய்ந்த சமயம் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சாந்தம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாளும் சத்தமில்லை, அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போய் எட்டிப் பார்த்தாள். மாரீஸ்வரி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். ஒரு வாரமாகக் காய்ச்சலாம். புருஷன் பாண்டி மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில இருந்து என்னையவே யாருன்னு கேக்குறாக்கா."

"என்னைக்கோ கேட்டிருக்கணும். போயி ஜீப்பைக் கூப்பிடு," என்றாள் சாந்தம்மாள்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்ததும் மாரீஸ்வரி சாந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியா தங்கச்சி? எனக்குப் பக்கத்து வீட்டுல ஒருத்தி வாய்ச்சிருக்கா, சாந்தம்மான்னு..." என்று ஆரம்பித்து, சாந்தம்மாளின் நடை, உடை, துணி காயப்போடுகிற அழகு என்று ஒன்று விடாமல் இழுத்தாள். சாந்தம்மாள் வேறு வழியில்லாமல் 'ம்' கொட்டினாள். நர்ஸ் டின்சி சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஆனா அவ வைக்கிற கருவாட்டுக் குழம்பு வாசத்துக்கே நான் சுவரோரமா உக்காந்துதான் சாப்பிடுவேன். அவகிட்டச் சொல்லிராத."

சாந்தம்மாள் கம்பளியை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டாள். "சொல்லலை," என்றாள்.

மாரீஸ்வரியின் கழுத்து விறைத்திருப்பதைப் பார்த்த டாக்டர், உடம்பில் கடித்த தடம் ஏதும் உண்டா என்று தேடச் சொன்னார். பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில், பீடியால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஒன்றை டின்சி கண்டுபிடித்தாள்.

"செள்ளுப்பனி," என்றார் டாக்டர். "புதர்ல இருக்கிற பொடிப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல். இவங்களுக்கு மூளை வரைக்கும் போயிருக்கு, அதான் ஆள் தெரியலை. மருந்து இருக்கு. இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம்."

பாண்டி அழுதான். தனக்கு அழுகை வராததால் சாந்தம்மாள் அவனைத் திட்டினாள்.

மருந்து கேட்டது. புத்தி தெளிந்த அன்று மாரீஸ்வரி முதலில் பார்த்தது சாந்தம்மாளைத்தான். "நீ எதுக்கு இங்க வந்தே?"

சாந்தம்மாள் சொன்ன பதில் அவளுக்குக் கேட்கவில்லை. காது நரம்பையும் காய்ச்சல் பிடித்திருக்கிறது, மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். இப்படியொரு வாய்ப்பை விடலாமா? சாந்தம்மாள் கட்டிலருகே உட்கார்ந்து, இத்தனை வருஷம் சுவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் சிரித்த முகமாகவே சொல்லித் தீர்த்தாள். நலம் விசாரிக்கிறாள் என்று நினைத்து மாரீஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "நீ நல்லவதான்," என்றாள். சாந்தம்மாள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள்.

இப்போது மாரீஸ்வரி வேலைக்குப் போகிறாள். மத்தியானத்துக்கு மேல் கால் தள்ளாடுகிறது. வலது காது கேட்கிறது. இடது இன்னும் மந்தம். அதனால் காட்டுக்கு ஏறும்போது சாந்தம்மாள் அவளுக்கு வலது பக்கமாகவே நடக்கிறாள். பேச்சென்னவோ பெரும்பாலும் சண்டைதான்.