தென்கரையை வெட்டியவன்

மாலக்கி காஹனுக்குப் பாறை பிடிக்கும், சேறு பிடிக்காது. பதினாறு வயதில் பொக்லைன் வண்டியில் ஏறிய ஆள். லண்டனில் பாதாள ரயிலுக்குத் தோண்டினான், பர்மிங்காமில் பாலத்துக்குத் தோண்டினான், கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லாமல் தோண்டினான். ஐம்பதைத் தாண்டி அயர்லாந்தின் மேயோவுக்குத் திரும்பியபோது, சொந்த ஊரான கிளென்ஹாராவில் அவனுக்குக் கிடைத்தது சேற்று வேலைதான்.

ஊருக்கு மேலே மலையில் காற்றாலைகள் வந்துகொண்டிருந்தன. மலை என்று பெயர்தானே ஒழிய, மேலே ஆள் உயரத்துக்கு வெறும் கரிமண். ஊரார் வெட்டிக் காயவைத்து அடுப்பில் போடுகிற அதே கறுப்பு மண். அதைக் கீறி ரோடு போட்டால் ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்துக்கொண்டு ஹாரா ஆற்றில் இறங்கும். இறங்கவிடக் கூடாது என்பது கம்பெனிக்கு அனுமதி கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை. அதற்காகச் சரிவில் படிபடியாக மூன்று தெளிகுட்டைகள் வெட்டியிருந்தார்கள். கலங்கல் நீர் மேல்குட்டையில் விழுந்து, நின்று, வண்டலை அடியில் விட்டுவிட்டு அடுத்ததற்கு வழியும். கடைசிக் குட்டையிலிருந்து தெளிந்த நீர் மட்டுமே ஆற்றுக்குப் போக வேண்டும். அடியில் தங்கிய வண்டலை அவ்வப்போது அள்ளிப் போடுவதும், ஓடையோரம் நட்ட தடுப்புத் துணி சாய்ந்தால் நிமிர்த்துவதும், கரைகளைப் பார்ப்பதும் மாலக்கியின் வேலை.

"என்ன மாலக்கி, குட்டையில வாத்து விட்டிருக்கியா?" என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள்.

"விட்டேன். நீங்க அடிக்கிற ஹார்ன்ல எல்லாம் செத்துப்போச்சு" என்பான்.

அந்தக் குட்டைகள் யாருக்காக என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆற்றின் கீழ்ப்பக்கம் அவன் அக்கா அட்ராக்டாவும் அவள் கணவன் ஃபெஸ்டியும் சால்மன் குஞ்சுப் பண்ணை வைத்திருந்தார்கள். ஆற்று நீரை வாய்க்காலில் வாங்கித் தொட்டிகளில் ஓடவிட்டு மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மாலக்கிக்கு அங்கேதான் சாப்பாடு. பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வைத்துவிட்டு அக்கா விசாரணையைத் தொடங்குவாள்.

"என் தண்ணியில ஒரு சொட்டுச் சேறு வந்துச்சு, தட்டுல உனக்கும் அதையேதான் வைப்பேன்."

"இப்ப மட்டும் என்ன வாழுது, அக்கா? இந்தக் கோசை எப்ப வேகவெச்ச, போன வாரமா?"

ஃபெஸ்டி சிரித்தால் அவனுக்கும் ஒரு முறைப்பு விழும். அவள் அப்படித்தான். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவள். லண்டனுக்கு ஞாயிறு தவறாமல் போன் போட்டவள்.

அந்த அக்டோபரில் வேலை பின்தங்கிவிட்டது. காற்றாலைகளுக்கு அடித்தளம் தோண்ட ஆள் போதவில்லை. டெவென்னி என்கிற சைட் மேனேஜர் மாலக்கியைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, தூக்கம் கெட்டவர், அவ்வளவுதான்.

"குட்டையக் கொஞ்ச நாள் விடுங்க. மேல வந்து பாறை உடைங்க. ரெண்டு வாரம்."

மாலக்கி மறுக்கவில்லை. பாறை என்றதும் மனம் மேலே போய்விட்டது. இரண்டு வாரம் ஐந்தாயிற்று. இடையில் ஒருமுறை மேல்குட்டையை எட்டிப் பார்த்தான். வண்டல் விளிம்புவரை ஏறி, குட்டை தூர்ந்துபோயிருந்தது. "அள்ளணுமே" என்று டெவென்னியிடம் சொன்னான். "அடுத்த வாரம்" என்றார் அவர். அவனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தோண்டிய கரிமண்ணையெல்லாம் லாரிகள் கடைசிக் குட்டையின் மேல்புறமே கொட்டிக் குவித்துக்கொண்டிருந்தன. அதையும் அவன் பார்த்தான்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அட்லாண்டிக்கிலிருந்து புயல் ஏறியது. முந்தின நாளே மழை விடாமல் பெய்திருந்தது. விடிந்ததும் டெவென்னி வாக்கி-டாக்கியில் எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார். அவரே மலையின் மறுபக்கம் இருந்தார். அந்த ரோடு ஏற்கெனவே நீரில் போயிருந்தது. மாலக்கி மட்டும் இறங்குகிற வழியில் பொக்லைனைக் கடைசிக் குட்டைப் பக்கம் திருப்பினான்.

போய் நின்று பார்த்தான். மேலிரண்டு குட்டைகளும் தூர்ந்து கிடந்ததால் மலைத் தண்ணீர் முழுதும் நிற்காமல் இதற்குள் வந்து விழுந்தது. விளிம்புவரை தளும்பும் நீர் காப்பிக் கறுப்பில் இருந்தது. குவித்த கரிமண் ஊறி, குட்டையின்மேல் சாய ஆரம்பித்திருந்தது. வடகரையின் அடியில் இரண்டு இடத்தில் நீர் கசிந்தது. கரையே வெளிப்பக்கமாக உப்பியிருந்தது. அது போனால் நீரும் மண்ணும் ஒன்றாய்ப் பள்ளத்தில் இறங்கும். பள்ளத்தின் வாயில் ஒரே ஒரு வீடு. ஷேன் லவெல் என்ற இளைஞனும் அவன் மனைவியும் கைக்குழந்தையும் அதில் இருந்தார்கள். மழைத் திரையில் கூரை மட்டும் சாம்பலாகத் தெரிந்தது.

தென்கரையை வெட்டினால் எல்லாம் ஓடையில் இறங்கிவிடும். ஓடை போகும் இடம் ஹாரா ஆறு.

வாக்கி-டாக்கியில் டெவென்னியைக் கூப்பிட்டான். "நான் வர்ற வரைக்கும் எதுலயும் கைவைக்காதீங்க. கேக்குதா? ஆத்துல எதுவும் விடக் கூடாது" என்றது இரைச்சலுக்கு நடுவே குரல். அவர் எப்போது வருவார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

லவெல் வீட்டு நம்பர் மாலக்கியிடம் இல்லை. வண்டியை விட்டு ஓடினாலும் பள்ளத்தின் வழியாகத்தான் ஓட வேண்டும். ஒரு முறை பலமாக ஹார்ன் அடித்தான். காற்று அதை விழுங்கிவிட்டது. பிறகு அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, வாய்க்கால் மதகை அடைச்சிரு. இப்பவே."

"என்னடா ஆச்சு?"

"கடைசிக் குட்டை போகப்போகுது. நான் தென்கரைய வெட்டப்போறேன்."

"வேணாம்! மாலக்கி, வெட்டாத! எல்லாத் தொட்டியும் ரொம்பியிருக்கு. முட்டை வேற இருக்கு."

"வடகரை போனா லவெல் வீட்டு மேலதான் விழும். குழந்தை இருக்கு."

"போன் பண்ணி வெளிய வரச் சொல்லு."

"நம்பர் இல்ல. உங்கிட்ட இருக்கா?"

"இல்ல. தாங்கும்டா. கரை தாங்கும். கொஞ்சம் பொறு."

"தாங்காது, அக்கா."

"வெட்டாதன்னு சொல்றேன்ல! எத்தனை வருஷ உழைப்புன்னு உனக்குத் தெரியும்ல? மாலக்கி!"

அவன் போனை இருக்கையில் போட்டான். அது அங்கேயே கிடந்து அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. தென்கரையில் வாளியை இறக்கி ஒரு வாய் எடுத்தான், இன்னொரு வாய் எடுத்தான். அதற்குமேல் அவன் எடுக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரே கரையைத் தின்று வழியை அகலமாக்கிக்கொண்டது. குட்டை மொத்தமும், பின்னாலேயே பாதிக் கரிமண் குவியலும், வெண்ணெய் உருகி வழிவதுபோல ஓடைக்குள் சரிந்தன. வடகரை நின்றது.

பண்ணையில் அட்ராக்டாவும் ஃபெஸ்டியும் மதகை அடைத்தார்கள். அடைத்தால் சேறு வராது, ஆனால் ஓட்டம் நின்ற தொட்டியில் மீனுக்கு மூச்சு ஏது? இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டார்கள். ஆறு தெளிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கரையில் நின்று பார்த்தார்கள். ஆறு தெளியவில்லை. பிற்பகலில் சிலிண்டர் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் மதகைத் திறந்தபோது தொட்டிக்குள் வந்தது தண்ணீர் இல்லை, கூழ். செவுளில் சேறு அடைந்து குஞ்சுகள் வாயைப் பிளந்து மேலே வந்தன. தட்டுகளில் இருந்த முட்டைகளின் மேல் கறுப்பாய் ஒரு படலம் உட்கார்ந்தது.

இருட்டுவதற்குமுன் மாலக்கி போனான். செத்ததை அள்ளவாவது உதவலாம் என்று சல்லடையைக் கையிலேயே கொண்டுபோயிருந்தான். அட்ராக்டா வாசலில் நின்றாள். முழங்கைவரை செதிலும் சேறும்.

"உள்ள வராத" என்றாள். கத்தவில்லை. "ஃபெஸ்டி பாத்துக்குவாரு. நீ போ."

போனான். ஒரு குழந்தை பிழைத்தது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்த இரவைக் கழித்தான்.

மறுநாள் ஷேன் லவெல் அவனைத் தேடி சைட்டுக்கு வந்தான். இரண்டு கையாலும் மாலக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"உங்களால எங்க வீடு தப்பிச்சுதுண்ணே. பாத்தேன், கரை இன்னும் விரிசலோட நிக்குது. கடவுள் புண்ணியம், நாங்களும் நேத்து வீட்டுல இல்ல."

"வீட்டுல இல்லையா?"

"வியாழக்கிழமையே பெல்முல்லெட்டுக்குப் போயிட்டோம், மாமியார் வீட்டுக்கு. புயல்னு சொன்னாங்கல்ல."

மாலக்கி தலையை ஆட்டினான். என்ன சொன்னான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. ஷேன் போன பிறகு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்ப வெகுநேரம் ஆயிற்று.

கிளென்ஹாராவில் எந்தச் சேதியும் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி மூடியிருந்ததில்லை. பூசை முடிந்து கோவில் வாசலில் அட்ராக்டா அவன் எதிரே வந்தாள். சுற்றிலும் ஊரார் நின்றிருந்தார்கள்.

"காலி வீடு" என்றாள். அவ்வளவுதான். கணவன் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

ஆறு கெட்டதற்காகக் கம்பெனிமேல் போட்ட வழக்கு காசில்பார் நீதிமன்றத்துக்கு வந்தது. கம்பெனி வக்கீல் மாலக்கியிடம் நயமாகத்தான் கேட்டார்: மேனேஜர் கைவைக்காதே என்று சொன்னாரா இல்லையா? சொன்னார். இருந்தும் வெட்டினீர்களா? வெட்டினேன். அந்த வீட்டில் ஆள் இருந்தார்களா? இல்லை. அந்தக் கரை அன்றைக்கு உடைந்ததா? இல்லை. ஒவ்வொரு பதிலும் உண்மை. அடுக்கி வைத்தபோது அவன் செய்தது பைத்தியக்காரத்தனம்போல் தெரிந்தது. குட்டைகளை ஏன் தூர் வாரவில்லை என்று நீதிபதி கேட்டார்.

"என்னை மேல அனுப்பிட்டாங்க ஐயா. நானும் சந்தோஷமாத்தான் போனேன்."

டெவென்னி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. வசந்தத்தில் காற்றாலைகள் சுழன்றன. நஷ்டஈடு என்று ஏதோ வந்தபோது பண்ணையை மறுபடி தொடங்குகிற தெம்பு ஃபெஸ்டிக்கு இல்லை. தொடங்கினாலும் பயனில்லை, சால்மன் வந்து முட்டையிடும் கூழாங்கல் படுகையெல்லாம் வண்டல் இறுகிக் கிடந்தது. அவன் பள்ளிப் பேருந்து ஓட்டினான். அட்ராக்டா பெல்முல்லெட்டில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மாலக்கியைக் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்தவில்லை. குட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. இப்போது யாரும் சொல்லாமலே வாரினான், மழைக்கு முன்னும் பின்னும் வாரினான். மதுக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. "வேற என்னய்யா செய்வான்?" என்றார்கள் சிலர். "கூடப்பிறந்தவ வயித்துல அடிச்சான்" என்றார்கள் சிலர். இரண்டு கட்சியும் அவன் உள்ளே நுழைந்தால் கால்பந்தைப் பற்றிப் பேசும். கொஞ்ச நாளில் அவன் நுழைவதை விட்டான். லவெல் தம்பதி இரண்டாவது குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அழைத்தார்கள். பரிசை அனுப்பிவிட்டு உடம்பு சரியில்லை என்றான்.

அக்காவும் தம்பியும் பேசாமல் வருஷங்கள் ஓடின. ஒரே கோவில், ஒரே கடை. ஃபெஸ்டி மட்டும் எதிரே வந்தால் பேருந்திலிருந்து வணக்கம்போல ஒரு விரலைத் தூக்குவான். பதிலுக்கு இவனும் ஒரு விரல். அதுதான் அந்தக் குடும்பத்தோடு அவனுக்கு மிஞ்சியிருந்த உறவு.

ஒரு பிப்ரவரியில் ஃபெஸ்டி பேருந்தை ஓரமாக நிறுத்தி, கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு.

இழவு வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று மாலக்கி யோசிக்கவில்லை. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். முன்னறையில் பெட்டிக்குள் ஃபெஸ்டி கையில் ஜெபமாலையோடு கிடந்தான். ஊர் வரிசையாக வந்து கைகுலுக்கியது. மாலக்கியின் முறை வந்தபோது அட்ராக்டா கையை நீட்டினாள்; பிடித்த கையை விடாமல் அவனைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். அவள் தலை முழுக்க நரைத்திருந்ததை அவன் அப்போதுதான் அருகில் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லணும். குறுக்கப் பேசாத."

"சொல்லு அக்கா."

"அந்த வீடு காலின்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாத மாதிரிதான் எனக்கும். குழந்தை உள்ள இருக்குன்னுதான் நெனச்சேன். நெனச்சுக்கிட்டேதான் வெட்டாதன்னு சொன்னேன்."

மாலக்கி வாயைத் திறந்தான்.

"பேசாதன்னு சொன்னேன்ல. மீனுக்காக உன் மேல கோவம் இருந்துச்சு, ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அப்புறம் கோவம் தீந்துபோச்சு. ஆனா உன் மூஞ்சியப் பாத்தா அந்த போன்தான் ஞாபகம் வருது. நான் என்ன சொன்னேன்கிறது உலகத்துலயே உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"நான் யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும். கோர்ட்டுலகூட சொல்லல. அதான் இன்னும் மோசம்."

"பதட்டத்துல சொன்னது, அக்கா..."

"இல்லடா. நான் தெளிவாத்தான் இருந்தேன்."

சேறும் பாறையும் தெரிந்த கைகள் இரண்டு பக்கமும் சும்மா தொங்கின. கட்டிப்பிடித்திருக்கலாம். அந்தக் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

வெளியே யாரோ, "அட்ராக்டா, பாதிரியார் வந்துட்டாரு" என்றார்கள். அவள் கண்ணைத் துடைத்தாள், ஏப்ரனால் மூக்கையும் துடைத்தாள்.

"இன்னொரு கெட்டில் வை. ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலக்கி கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். தொட்டி நிறைய அழுக்குக் கோப்பைகள் கிடந்தன. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கழுவ ஆரம்பித்தான். முன்னறையில் ஜெபம் தொடங்கியிருந்தது. பாதிரியார் ஒரு வரி சொல்ல, ஊர் மறுவரி சொன்னது. அந்தக் குரல்களில் அக்காவின் குரல் எது என்று அவன் காதுகொடுத்துக் கேட்டான். பிரித்தறிய முடியவில்லை.